கதையை எங்கே நிறுத்துவது?

கேள்வி: மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பகுதிகளில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு இணையவழியில் கணக்கு வைப்புக் கற்பிக்கின்றேன். பெரும்பாலானோர் நாற்பதைக் கடந்தவர்கள். வெற்றி பெற்ற தொழில்முனைவோரின் நிகழ்வாய்வுகளை (தொழிலில் நடந்ததை விவரிக்கும் பாடக்கதைகளை) அனுப்பினால், "நல்லது ரீச்சர்" என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எங்கே பிழை?
– வாசகி, திருகோணமலை

பதில்: முடிவு தெரிந்த கதைக்குப் பாராட்டைத் தவிர அவர்கள் வேறென்ன எழுதுவார்கள்? 1870இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் கிறிஸ்டோபர் லாங்டெல் வழக்குத் தீர்ப்புகளையே பாடமாக்கிக் கேள்வி கேட்டுக் கற்பித்தார். 1920களில் அம்முறையைக் கைக்கொண்ட அங்குள்ள வணிகக் கல்லூரி, முடிவெடுக்கத் திணறும் முகாமையாளரின் இடத்தில் மாணவரை இருத்தியது. அந்தத் திணறல்தான் உங்கள் பாடத்தில் இல்லை.

கருவாடு போடும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, மழை பிடித்தால் மீன் காயாது. கையிலிருக்கும் 40 கிலோவையும் நகரத்துக் கடைக்காரர் கடனுக்குக் கேட்கிறார். போனமுறைக் காசிலேயே பாதி இன்னும் வரவில்லை. சங்கக் கடனின் தவணையோ வருகிற வெள்ளிக்கிழமை. இவ்வளவையும் அவருடைய கொப்பியின் வரவு செலவுப் பக்கத்தையும் கொடுத்து, அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொடுப்பதா, மறுப்பதா, பாதியைக் கொடுப்பதா என்று கேட்டால், கடன் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட எவரும் வாய்மூடி இருக்கமாட்டார். வளர்ந்தோரின் அனுபவமே கற்றலுக்கான வளம் என்று வளர்ந்தோர் கல்வி அறிஞர் மல்கம் நோல்ஸ் வலியுறுத்தியதன் பொருளை அப்போது நேரில் காண்பீர்கள்.

இணையவழியில் ஒழுங்குமுறை முக்கியம். ஒரு பக்கத்துக்கு மேற்படாத நிகழ்வை முதல்நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒவ்வொருவரும் தமது முடிவை உங்களுக்கு மட்டும் குரல்பதிவாக அனுப்பச் செய்யுங்கள். குழுவில் முதலில் கேட்டால், சங்கத் தலைவி சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். வேறுபட்ட முடிவெடுத்தவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்துப் பேசவிட்ட பின்னரே சூம் வகுப்புக்கு வாருங்கள். எழுதத் தயங்குவோருக்கும், டேட்டா குறைவாக உள்ளோருக்கும் இது கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நம்முடையது சிறிய ஊர். பெயரை மாற்றினாலும் தொழிலையும் தெருவையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மை நிகழ்வென்றால் உரியவரின் சம்மதத்தைப் பெற்று, ஊரையும் தொழிலையும் தொகைகளையும் மாற்றுங்கள். கடனில் தவிக்கும் ஒருவர் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் குன்றிப்போனால், அடுத்த வகுப்புக்கு வரமாட்டார்.

அந்தப் பெண் இறுதியில் என்ன செய்தார் என்று கட்டாயம் கேட்பார்கள். நடந்ததைச் சொல்லுங்கள், ஆனால் அதைச் சரியான விடையாகச் சொல்லாமல், அதே கொப்பியின் அடுத்த மாதப் பக்கத்தைக் காட்டி, அவருக்குக் கட்டுப்படியானதா என்று அவர்களையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.