கேட்க வேண்டியதும் பார்க்க வேண்டியதும்: தரவு திரட்டுவது பற்றி வாசகர் கேள்விகள்

மேடம், எங்கள் பக்கத்து மல்லிகை விவசாயிகளின் வருமானம் பற்றி எம்.காம். ப்ராஜெக்ட் செய்கிறேன். கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? – மாணவி, திருமங்கலம்

போதாதும்மா. நேரில் போக வேண்டும். ஃபார்ம் நல்ல கருவிதான். செலவு இல்லை, பதில்கள் தானாகவே கூகுள் ஷீட்டில் வந்து உட்கார்ந்துவிடும், எதிரே ஆள் இல்லாததால் கூச்சமான விஷயத்தையும் சிலர் மறைக்காமல் சொல்வார்கள். வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் விடிவதற்கு முன்னால் டார்ச்சோடு பூப்பறிக்கும் அம்மாவிடம் அந்த லிங்க் போய்ச் சேராது. வெளியூரில் படிக்கும் அவர் மகன் நிரப்பி அனுப்புவான். யார் நிரப்பினார்கள், யார் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆள் எண்ணிக்கை கூடினால் இந்தக் குறை சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்பு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல்களைப் பெரிதும் நம்பினார்கள்; அனுப்பியவர்களிலும் பெரும்பாலோர் பதில் போடவில்லை.

நேரில் போனாலும் 'வருஷ வருமானம் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'என்னத்தச் சொல்ல, கைக்கும் வாய்க்கும் சரியாப் போகுது' என்பார்கள். அது பொய்யில்லை, அப்படி ஒரு கணக்கு அவர்கள் மனதில் இல்லை. 'நேத்து எத்தனை கிலோ போட்டீங்க?' என்று தொடங்குங்கள். 'நாலே கால்.' 'என்ன வெலைக்குப் போச்சு?' அப்புறம் கமிஷன், பறிப்புக் கூலி, வண்டி வாடகை என்று ஒவ்வொன்றாக வாருங்கள். பூக்கடைச் சீட்டைக் கட்டி வைத்திருந்தால் பார்க்கலாமா என்று கேளுங்கள். நினைவை விடச் சீட்டு நம்பகமானது. ஆனால் கடனுக்காக ஒரே கமிஷன் கடையில் போட வேண்டியிருக்கிறதா என்பதைச் சீட்டு சொல்லாது. அதற்குப் பேச்சுதான் வேண்டும்.

இன்னொன்று. ஒரு வாரம் மட்டும் போய்விட்டு வந்து சராசரி போடாதீர்கள். முகூர்த்த நாளில் ஏறும் விலை ஆடியில் இறங்கும். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும், ஆனால் அப்போது விற்கப் பூ இருக்காது. வரத்து உள்ள காலம், இல்லாத காலம் இரண்டிலும் அதே ஆட்களைப் போய்ப் பாருங்கள். காலேஜ் அட்டவணை இடம் தராவிட்டால், எந்த மாதத்துக் கணக்கு என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

385 பேர் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் கைடு. எங்கிருந்து வந்தது இந்த எண்? – ஆய்வாளர், மதுரை

95 சதவீத நம்பிக்கை, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை என்று வைத்து, 1.96-ன் (95 சதவீதத்துக்கான எண்) வர்க்கத்தை 0.25-ஆல் (பாதிக்குப் பாதி, 0.5 × 0.5) பெருக்கி 0.0025-ஆல் (5 சதவீதத்தின், அதாவது 0.05-ன் வர்க்கம்) வகுத்தால் 384.16. அதை மேலே தூக்கினால் 385. மொத்த மக்கள்தொகை பெரிதாக இருக்கும்வரை அது எவ்வளவு என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. 2011 கணக்கில் சுமார் 30 லட்சம் பேர் இருந்த மதுரை மாவட்டத்துக்கும் 7 கோடியைத் தாண்டிய தமிழ்நாட்டுக்கும் அதே 385தான்.

ஆனால் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி குலுக்கி எடுத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று கிடைத்தவரை நிறுத்திக் கேட்டால் 385 ஆனாலும் 3,850 ஆனாலும் அந்த 5 சதவீதத்தைச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. குலுக்கி எடுக்க எல்லோர் பெயரும் உள்ள பட்டியல் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வசதி பார்த்து எடுத்த சாம்பிள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் குழுவாகப் பேசலாமா, தனித்தனியாகவா? – சமூகப் பணி மாணவர், உசிலம்பட்டி

என்ன தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்தது தம்பி. சம்பளம் எத்தனை நாள் தாமதமாகிறது, வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர், நிழல் உண்டா என்பதெல்லாம் குழுவில் பிரமாதமாக வரும். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார், தேதியைத் திருத்துவார். எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மிச்சப் பேர் தலையாட்டுவார்கள்.

அந்தச் சம்பளம் யார் கைக்குப் போகிறது, வேலை பிரிப்பதில் சாதி பார்க்கிறார்களா என்பதைக் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள். உண்மை வராது. வந்தால் நீங்கள் பஸ் ஏறிய பிறகு சொன்னவருக்குத் தொல்லை. இதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். வீட்டில் மாமியாரோ கணவரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு வேறு பேசிவிட்டு எழுந்துவிடுங்கள். கூடுமானால் ஒரு தோழியைக் கூட்டிப் போய் அவரைக் கேட்க வையுங்கள். ஓர் ஆணிடம் சொல்லாததைப் பெண்ணிடம் சொல்வார்கள். குழுவில் யார் பேசவில்லை என்பதையும் நோட்டில் எழுதுங்கள், அதுவும் தரவுதான்.

செல்லூரில் குடும்பச் செலவு சர்வே. 'போன மாதம்' என்று கேட்பதா, 'போன வாரம்' என்றா? – பேராசிரியர்

பொருளைப் பார்த்துக் கேளுங்கள். 1999-2000 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் உணவுச் செலவை ஒரே வீட்டில் 7 நாளுக்கும் 30 நாளுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைப் பாதித்ததால் பழைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாமல், வறுமை எவ்வளவு குறைந்தது என்பதே பெரிய சர்ச்சை ஆயிற்று. பிறகு வந்த ஒரு முறையில் காய்கறி, முட்டை, மீன், எண்ணெய்க்கு 7 நாள், அரிசிக்கு 30 நாள், துணிமணி, படிப்பு, ஆஸ்பத்திரிக்கு ஒரு வருஷம் என்று பிரித்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரே பொருளுக்கு இரண்டு கால அளவு மட்டும் வேண்டாம்.

பரோட்டாக் கடைகளில் சுத்தம் பற்றி முதலாளிகளிடம் கேட்டால் எல்லோரும் 'சுத்தமா இருக்கு' என்கிறார்கள். – மாணவர், சிம்மக்கல்

வேறென்ன சொல்வார்கள்? இது கேட்டுத் தெரிகிற விஷயமில்லை, பார்த்துத் தெரிகிற விஷயம். தட்டு கழுவும் தண்ணீரை எப்போது மாற்றுகிறார்கள், காசு வாங்கிய கையோடு மாவைத் தொடுகிறார்களா என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறியுங்கள். நீங்கள் பார்ப்பது தெரிந்தால் முதலில் ஒழுங்காகத்தான் நடந்துகொள்வார்கள். பல முறை போய் உட்கார்ந்தால் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். முதல் நாள் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏன் தண்ணீரை மாற்றவில்லை என்பதைப் பார்வை சொல்லாது. குழாயில் தண்ணீர் வராத தெருவாக இருக்கலாம். அதைக் கடைப்பையனிடம் கேளுங்கள், கடை பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

சென்சஸ் புள்ளிவிவரமே போதாதா, எதற்கு அலைய வேண்டும்? – வாசகர், அண்ணாநகர்

பல நேரம் போதும். இருப்பதை மறுபடி திரட்டுவது வீண் வேலை. ஆனால் வார்டுவாரியாக ஒப்பிடும்போது கவனம்: கணக்கெடுத்தது 2011 பிப்ரவரியில், அதே வருஷம்தான் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. இன்றைய வார்டு எண்ணை அன்றைய அட்டவணையில் தேடினால் வேறு தெருவின் கணக்கை எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

பேட்டியை போனில் ரெக்கார்ட் செய்யலாமா?

கேட்டுவிட்டுச் செய்யலாம், சட்டைப்பையில் ஒளித்து வைத்துக் கூடாது. வேண்டாம் என்றால் நோட்டில் எழுதி அன்று ராத்திரியே விரித்து எழுதிவிடுங்கள்.