கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் யுசி எட்டுமா?

கேள்வி: சன்னிவேலில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, அவரைச் சார்ந்தவர்கள் என்பதால் எனக்கும் மகளுக்கும் எச்-4. கலிஃபோர்னியாவுக்கு வந்து பதினாறு மாதம் ஆகிறது. மகளுக்கு 18 வயது. இந்த ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பத்துக்குத் தயாராக நேரம் போதவில்லை. பக்கத்தில் கூப்பர்டினோவில் டி அன்சா என்ற கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. "யார் போனாலும் சேர்க்கிற காலேஜில் என்ன தரம் இருக்கும்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எங்களிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்களா? அங்கிருந்து பெர்க்லி மாதிரி இடத்துக்குப் போக முடியுமா? நானும் அங்கே அக்கவுன்டிங் படிக்கலாமா?
– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

யார் போனாலும் சேர்ப்பார்கள் என்பது உண்மைதான். கலிஃபோர்னியாவில் இப்படி 116 கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களைத் தரும் காலேஜ்கள், உள்ளன. 1960-ல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டமே அப்படி அமைந்தது: பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யுசி, முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள், கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும். அதிலிருந்து மூன்றாம் ஆண்டில் யுசிக்கு மாறிப் போகிற வழியும் அதே திட்டத்தில் உள்ளதுதான். கதவு திறந்திருக்கிறது என்பதால் பாடம் லேசாக இருக்காது. கால்குலஸ் அங்கேயும் கால்குலஸ்தான். மாறிப்போகும்போது யுசி பார்ப்பது அந்த மதிப்பெண்ணைத்தான்.

கட்டணத்துக்கு வருவோம். எச்-4 விசாக்காரர்கள் கலிஃபோர்னியாவாசி என்ற தகுதியைப் பெறலாம். எஃப்-1 மாணவர் விசா, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்களுக்குத்தான் அது முடியாது. பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளோடு இங்கே வந்து ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணத்துக்குச் சான்றும் வேண்டும். செப்டம்பர் கடைசியில் தொடங்கும் ஃபால் குவார்ட்டர் என்ற இலையுதிர்ப் பருவத்துக்கு உங்களுக்கு ஓராண்டு தாராளமாக நிறைந்துவிடும். சான்றுகளை இப்போதே ஒரு ஃபைலில் சேருங்கள்: மாநில வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ் அல்லது மாநில அடையாள அட்டை, வங்கிக் கணக்கு. பலர் சறுக்குவது ஆன்லைன் விண்ணப்பத்தில்தான். வந்த தேதியையோ விசா வகையையோ தப்பாகக் கொடுத்தால் கணினி தானாகவே வெளிமாநிலத்தவர் என்று போட்டுவிடும், பில் பல மடங்காக வரும். அப்படி வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் சான்றுகளைக் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள், அதுவும் பருவம் தொடங்குவதற்கு முன்னால்.

உள்ளூர்க் கட்டணம் கிடைத்தால் டி அன்சாவில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 31 டாலர். அது குவார்ட்டர் முறை காலேஜ், கோடையை விட்டால் வருடத்துக்கு மூன்று பருவம். மிஷன், ஓலோனி மாதிரி செமஸ்டர் காலேஜ்களில் யூனிட்டுக்கு 46 டாலர், ஆனால் ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம் என்பதால் கணக்கு ஒன்றுதான். யுசிக்கு மாற 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். அதற்கு மொத்தம் 2,790 டாலர். ஹெல்த் ஃபீஸ், புத்தகம் எல்லாம் தனி. யுசியில் உள்ளூர் மாணவருக்கே ஒரு வருட டியூஷன் 14,000 டாலருக்கு மேல். புத்தகச் செலவையும் குறைக்கலாம்: வகுப்புப் பட்டியலில் புத்தகச் செலவில்லாத பிரிவுகளுக்குத் தனிக் குறி இருக்கும், பதிவு செய்யும்போதே அதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபெடரல் உதவித்தொகைக்கான ஃபாஃப்சா எச்-4-க்குக் கிடையாது. கேம்பஸில் வேலை பார்ப்பதும் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போவதும் இந்த விசாவில் முடியாது. நண்பர்கள் செய்கிறார்களே என்று மகள் கையெழுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாறிப்போவது. நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஆறு யுசி கேம்பஸ்கள், அதாவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், 'டேக்' என்ற உத்தரவாதச் சேர்க்கை தருகின்றன. குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட சராசரியோடு முடித்தால் இடம் உறுதி. ஒரு கேம்பஸுக்கு மட்டுமே டேக் போடலாம். பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் டேக் கிடையாது, அங்கே போட்டிதான். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: டேக் தரும் கேம்பஸிலும் எல்லாப் பிரிவுக்கும் தருவதில்லை. சாண்டா பார்பராவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் கல்லூரிக்குள் இருக்கிறது, அந்தக் கல்லூரிக்கு டேக் இல்லை. ஆகவே பெர்க்லிக்குப் போடட்டும், கூடவே தன் பிரிவுக்கு டேக் உள்ள ஒரு கேம்பஸையும் கையில் வைத்திருக்கட்டும். சான் ஹோசே ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழகத்தின் பக்கமும் யோசிப்பீர்கள். மாறிப்போவதற்காகக் கம்யூனிட்டி காலேஜ் தரும் அசோசியேட் பட்டம் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஒரு இடத்தைத்தான் உறுதி செய்கிறது. உங்களுக்குப் பிடித்த கேம்பஸில், பிடித்த பிரிவில் என்று அதற்குப் பொருளில்லை.

இப்போது காலண்டரைப் பாருங்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. யுசி விண்ணப்பத்தை நவம்பர் முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும். மகளுக்கு இது இரண்டாம் ஆண்டு ஃபால் குவார்ட்டர் தொடங்கும் நேரம். ஆக, அவள் விண்ணப்பத்தில் நிற்கப்போவது முதல் மூன்று குவார்ட்டர் மதிப்பெண்களும், எடுத்தால் ஒரு கோடைக் குவார்ட்டரும்தான். முதல் வருடம் மெதுவாகப் பழகிக்கொள்ளலாம், அடுத்த வருடம் பிடித்துவிடலாம் என்ற நினைப்பில்தான் நல்ல பிள்ளைகள் பலர் ஒரு வருடம் இழக்கிறார்கள்.

கணக்குப் பாடங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும் என்பதால் அங்கே சிக்கல் கூடும். டி அன்சாவில் கால்குலஸ் நான்கு பகுதி, ஒவ்வொன்றும் ஐந்து யூனிட், முந்தையதை முடிக்காமல் அடுத்தது எடுக்க முடியாது. அதன் பிறகு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் அல்ஜீப்ரா. இரண்டு வருடத்தில் கோடையை விட்டால் இருப்பது ஆறே குவார்ட்டர். முதல் குவார்ட்டரிலேயே கால்குலஸ் தொடங்கினால் மூச்சு விட்டுப் படிக்கலாம். ப்ரீகால்குலஸில் தொடங்கினால் கோடையை நம்ப வேண்டியதுதான். நுழைவுத் தேர்வு வைத்துப் பிரிக்கும் வழக்கம் இப்போது இல்லை; பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் தருகிறார்கள். இங்கே வருவதற்கு முன் படித்த பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் காலேஜ் கவுன்சிலரிடம் காட்டுங்கள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி கால்குலஸ் எழுதியிருந்தால் மதிப்பெண்ணை காலேஜுக்கு நேராக அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தப் பாடம் எந்தக் கேம்பஸில் செல்லும் என்று பார்க்க 'அசிஸ்ட்' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. டி அன்சாவையும் போக நினைக்கும் கேம்பஸையும் பிரிவையும் தேர்ந்தெடுத்தால், இங்குள்ள பாடமும் அங்குள்ள பாடமும் எதிரெதிரே வரும். நான்கைந்து கேம்பஸ்களுக்குத் தனித்தனியே அச்செடுத்து ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்று இயற்பியல் கேட்கும், இன்னொன்று கேட்காது. எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றை முதல் வருடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்களோடுதான் கவுன்சிலரைப் பார்க்கப் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் அரை மணி நேரம் பொதுவான பேச்சிலேயே போய்விடும்.

சேரும் வரிசை இது: ஆன்லைன் விண்ணப்பம், மாணவர் எண், ஓரியன்டேஷன், கல்வித் திட்டம், அதன் பிறகு பதிவுத் தேதி. ஓரியன்டேஷனும் கல்வித் திட்டமும் முடிக்காதவருக்குப் பதிவுத் தேதி பிந்தித்தான் வரும். அதற்குள் கால்குலஸ் வகுப்புகள் நிரம்பிவிடும். நிரம்பினாலும் வெயிட்லிஸ்ட்டில் பெயர் போட்டு முதல் நாள் வகுப்பில் போய் உட்காரட்டும். பதிவு செய்தவர் முதல் நாள் வராவிட்டால் ஆசிரியர் பெயரை நீக்கலாம், அந்த இடம் காத்திருப்பவருக்குப் போகும். சேர்ந்த பிறகு ஒரு பாடம் சரிப்படவில்லை என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டுவிட வேண்டும், பதிவேட்டில் தடம் இருக்காது. அதற்குப் பிறகு விட்டால், விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' பதிவேட்டில் விழும், எடுத்த தடவைகளில் அதுவும் ஒன்றாகச் சேரும். ஒரே பாடத்தைப் பொதுவாக மூன்று தடவைதான் எடுக்கலாம்.

உங்களுக்கும் தடை எதுவும் இல்லை. எச்-4-ல் முழுநேரமாகவோ ஒரே ஒரு பாடமாகவோ படிக்கலாம், விசா மாற்ற வேண்டாம். முதல் அக்கவுன்டிங் பாடத்தை மாலை வகுப்பிலோ ஆன்லைனிலோ எடுத்துப் பாருங்கள். படித்து முடித்து வேலைக்குப் போக மட்டும் வேலை அனுமதி வேண்டும்.

கடைசியாக, மகளுக்கு 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், எஃப்-1-ல் உள்ளூர்க் கட்டணம் கிடைப்பதில்லை. அவள் யுசியில் படித்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அந்த வருடங்களின் செலவை வெளியூர்க் கட்டணத்தில் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிறந்த தேதியையும் கிரீன் கார்டு வரிசையில் கணவரின் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியையும் எடுத்துக்கொண்டு ஒரு குடிவரவு வழக்கறிஞரை இந்த வருடமே பாருங்கள்.