தமிழ் டீச்சருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் சார். குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் எடுக்கறேன். ட்ரெய்னிங்ல ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் எல்லா சப்ஜெக்ட்லயும் கம்ப்யூட்டேஷனல் திங்கிங் வரணும்னாங்க. எங்க ஸ்கூல்ல இருக்கறதே ரெண்டு கம்ப்யூட்டர், அதுலயும் ஒண்ணு ஓடாது. எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? குட்டிப் பசங்களுக்கு இது சுமை இல்லையா?

*

டீச்சர், வணக்கம்.

மத்தவங்களை விட உங்களுக்குத்தான் சம்பந்தம் ஜாஸ்தி. கம்ப்யூட்டேஷனல் திங்கிங்னா, ஒரு மெஷின் கூடப் பண்ணிடற மாதிரி ஒரு வேலையைத் தெளிவான படிகளாப் பிரிச்சு யோசிக்கறது, அதுக்குக் கம்ப்யூட்டரே வேண்டியதில்ல. செய்யுள்ல அசை பிரிக்கிறதை எடுத்துக்கங்க. "அர்த்தம் எதுவும் தெரியாத ஒருத்தன் வெறும் எழுத்தைப் பாத்து நேர், நிரை சொல்லணும், அவனுக்கு ரூல் எழுதிக் குடு"ன்னு ஒன்பதாங் கிளாஸ் பசங்க கிட்ட கேளுங்க. "நெடில் வந்தா நேர், குறில் வந்தா அடுத்த எழுத்தையும் சேத்து நிரை"ன்னு ஒருத்தன் எழுதுவான். "மரம்"ல ம, ர சேந்துடும், ம்-மும் அதோட ஒட்டிக்கும், நிரை சரி. இப்ப "கல்"லுன்னு குடுங்க, இவன் ரூல்படி அதுவும் நிரைன்னு வரும், ஆனா அது நேர். "படகு" குடுங்க, பட வரைக்கும் ஓடும், கு-வுக்கு அடுத்து எழுத்தே இல்லாம அங்கயே நின்னுடும். அப்ப அவனே ரூலைத் திருத்துவான், அடுத்தது ஒற்றா, அடுத்தது இருக்குதா இல்லையா, ரெண்டையும் முதல்ல பாக்கணும்னு. ப்ரோக்ராம் எழுதறவங்க நாள் பூரா பண்றதும் இதைத்தான், நீங்க சாக்பீஸை வெச்சுக்கிட்டே பண்ணிடலாம்.

ஜெனட் விங்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி 2006ல எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் கம்ப்யூட்டேஷனல் திங்கிங்கற பேர் எல்லா இடத்துலயும் பரவிச்சு, ஆனா யோசனை அதுக்கு முந்தினது, சைமூர் பேப்பர்ட் குழு 1967லயே குழந்தைகளுக்குன்னு லோகோங்கற ப்ரோக்ராம் மொழி பண்ணிட்டாங்க. நம்ம பக்கமும் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் புள்ளிக் கோலத்தை ரூலா எழுதி 1974ல பேப்பர் போட்டாங்க, ஊரெல்லாம் வாசல்ல போடறதுதான், நமக்குத்தான் அது கணக்காத் தெரியல.

சுமையான்னு கேட்டீங்க. தனி பீரியட், தனி புக்கு, தனி டெஸ்ட்டுன்னு போட்டா கண்டிப்பா சுமைதான். ஒண்ணு ரெண்டாங் கிளாஸ்ல ஒரு பொண்ணை மெஷினா நிக்க வெச்சு, மத்ததுங்க "மூணு அடி முன்னாடி, வலது பக்கம் திரும்பு"ன்னு சொல்லிச் சொல்லி தண்ணிக் குழாய் வரைக்கும் நடத்தட்டும், செவுத்துல முட்டிச்சுன்னா எந்த வரி தப்புன்னு கண்டுபிடிக்கட்டும், அது போதும். அஞ்சு ஆறு வந்தா அகராதியில தேடறது, ஆயிரம் பக்கம் இருந்தாலும் நடுவுல திறந்து, தேடற சொல் எந்தப் பாதியில இருக்குன்னு பாத்து மத்த பாதியைத் தள்ளிட்டே போனா பத்து வாட்டிக்குள்ள பக்கம் மாட்டிடும்.

ட்ரெய்னிங்ல ஓவரா ஒண்ணும் சொல்லிருப்பாங்க, இதைக் கத்துக்கிட்டா பசங்க எல்லாத்துலயும் கெட்டிக்காரங்க ஆயிடுவாங்கன்னு. அதை நம்பாதீங்க. 1980கள்ல பீ, கர்லாண்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் லோகோ படிச்ச பசங்களையும் படிக்காத பசங்களையும் வெச்சுப் பாத்தாங்க, வேற வேலையைத் திட்டம் போடறதுல பெருசா வித்தியாசம் வரல. அசை பிரிக்கக் கத்துக்கிட்ட பையன் அசை நல்லாப் பிரிப்பான், அவ்வளவுதான் நான் கேரண்டி குடுப்பேன். கணக்குக்கு வரணும்னா கணக்கு டீச்சரும் அங்க தனியாப் பண்ணணும், மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கறப்ப 48, 18ன்னு பெருசுல இருந்து சிறுசைக் கழிச்சுக்கிட்டே போயி ரெண்டும் 6ல ஒண்ணா நிக்கறது வரைக்கும், ஏன் அங்க நிக்குதுன்னு பசங்களையே சொல்ல வெச்சு.

பதினொண்ணு, பன்னெண்டுதான் எனக்குக் கவலை. சி ப்ளஸ் ப்ளஸ், பைத்தான்லாம் பாடத்துல இருக்குது, அதையும் அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதறாங்க. தப்பு இருக்கற ப்ரோக்ராமைக் குடுத்து எங்க தப்புன்னு கேட்டா பாதி கிளாஸ் முழிக்குது.

நீங்க அசையில இருந்தே ஆரம்பிங்க. லெசன் ப்ளான்ல "யாப்பு"ன்னே எழுதுங்க, ஆபீசர் வந்து கேட்டா மட்டும் அந்த நீளமான பேரைச் சொல்லிக்கலாம்.