மூவரும் ஒரே குரலில் பேசினால்

கேள்வி: அப்பா இறந்த பிறகு வீட்டைப் பங்கு பிரிக்கும் அண்ணன், தம்பி, தங்கையைப் பற்றி நாவல் எழுதுகிறேன். பாகப்பிரிவினைச் சண்டைதான் மைய அத்தியாயம். தங்கைக்கு அதில் அதிக வேலையில்லை. "மூவரும் ஒரே ஆள் பேசுவதுபோல் இருக்கிறது" என்கிறார்கள் படித்தவர்கள். தம்பிக்கு மட்டும் கொங்கு வழக்கு கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கொங்கு வழக்கை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பேச்சு வழக்கு ஒன்றுதான். அது ஊரைக் காட்டும், சாதியைக் காட்டும், ஆளைக் காட்டாது. அந்த ஒரே வழக்குக்குள் ஒருவர் எந்தச் சொல்லைப் பொறுக்குகிறார், எதை வாயில் வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

சண்டைக்குக் காரணமான வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அதை 'அப்பா கட்டிய வீடு' என்பார். தம்பி 'இடம்' என்பான். கட்டடம் அவன் கணக்கிலேயே வரவில்லை, சென்ட் விலைதான் வருகிறது. தங்கை 'நம் வீடு' என்று தொடங்கி, அண்ணி உள்ளே வந்ததும் 'இந்த வீடு' என்று மாற்றிக்கொள்வாள். இதற்கு மேல் 'பேராசைக்காரன்', 'பாசக்காரர்' என்றெல்லாம் நீங்கள் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. விளிக்கும் முறையையும் கவனியுங்கள். பேச்சுக்குப் பேச்சு 'அண்ணா' போடும் தம்பி எந்த வாக்கியத்தில் அதை விடுகிறான்? அவன் கத்துவதைவிட அந்த இடம் வாசகரை அதிகம் சுடும். பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட தம்பியை அண்ணன் திடீரென 'நீங்கள்' என்பது இன்னும் கொடுமை.

ஆனால் சொற்களுக்குப் பின்னால் சரியான மோதல் இல்லையென்றால் இதெல்லாம் வெறும் ஒப்பனை. அண்ணனுக்கு வீடு வேண்டும், தம்பிக்குப் பணம் வேண்டும் என்பது கோர்ட்டுக்குப் போதும், நாவலுக்குப் போதாது. அண்ணனுக்கு வீடும் வேண்டும், 'பெரியவர் விட்டுக்கொடுத்தார்' என்ற பேரும் வேண்டும் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று தெரியும்போது அவர் எதைக் கைவிடுகிறார்? அதுவரை அவர் யாரென்று அவருக்கே தெரியாது.

ஜெயகாந்தனிடம் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. 1966இல் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாதவனிடம் சிக்கி வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவள் சுத்தமாகிவிட்டதாகச் சொல்கிறாள். விஷயம் அந்த வீட்டோடு முடிகிறது. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிலையில் தாய் அலறிவிடுகிறாள். அக்கம்பக்கம் அறிகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். சிக்கல் ஒன்றுதான், அந்த நேரத்தில் தாயின் வாயில் வந்தது வேறு. ஒரு முழு நாவலே அதிலிருந்து கிளம்புகிறது.

இனி உங்கள் தங்கைக்கு வருவோம். அவளை ஓரமாக உட்காரவைத்ததுதான் அத்தியாயத்தின் பெரிய இழப்பு என்பேன். அப்பா இந்துவாக இருந்து, வீடு அவர் சொந்தச் சம்பாத்தியமாக இருந்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்குச் சமமான பங்கு அவளுக்கும் உண்டு. அண்ணனும் தம்பியும் மட்டும் வீட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டுமானால், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவள் எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தை வாங்கியாக வேண்டும். யார் போய்க் கேட்பது? 'ஒரு கையெழுத்துதானே' என்று கேட்பவர் வேறு மனிதர். 'உன் பங்கை விட்டுக்கொடு' என்று கேட்பவர் வேறு. அதுவரை ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் அந்த வேலைக்கு மட்டும் ஒன்று சேர்ந்துகொள்ளவும் கூடும்.

அந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள். 'கோபமாக', 'கெஞ்சலாக' போன்ற ஒட்டுச்சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். பிறகு மைய அத்தியாயத்தை அதற்கேற்பத் திருத்துங்கள். பாதி வசனம் தானாகவே உதிர்ந்துவிடும்.