அளவு யார் கையில்?

அன்புள்ள ஐயா,

பாக்கெட் உணவுகள் உடலுக்குக் கெடுதல், பழி அவற்றை விற்கும் கம்பெனிகளுக்கே என்று நீங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். படித்த அன்றே கோபம் வந்தது. எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

கோவில்பட்டியில் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினோரு வயது. வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் தினமும் சண்டைதான். பிஸ்கட்டும் சிப்ஸும் வாங்கிக் கொடுத்துப் பழக்கியது யார் என்று நானும் என் மனைவியும் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொள்கிறோம்.

ஆனாலும் உங்கள் கட்டுரையை என்னால் ஏற்க முடியவில்லை. பதப்படுத்துவது நமக்குப் புதிதா? என் பாட்டி வடகம், அப்பளம், கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் செய்வார். உப்பைக் கைநிறைய அள்ளிப் போடுவார். எண்பத்தாறு வயது வரை இருந்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாவைக் கட்டத் தெரியாமல் கம்பெனிகளைக் குறை சொல்வது கோழைத்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்றைய பிள்ளைகள் ஓடி விளையாடுவதில்லை, அதுதான் உண்மையான காரணம். இவை கெடுதல் என்றால் அரசாங்கம் விற்க விடுமா?

எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் உங்களுக்கு அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் பதப்படுத்திய உணவுதானே, அனுப்பலாமா கூடாதா?

ஆர்., கோவில்பட்டி

*

அன்புள்ள ஆர்.,

கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். கடலைமிட்டாய் பதப்படுத்திய உணவுதான், சந்தேகமே இல்லை. நிலக்கடலையை வறுத்து, தோலைப் புடைத்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, தட்டி, வில்லை போடுகிறார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இப்போது வீட்டில் இருக்கும் க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மைதா, சர்க்கரை, பாமாயில் வரைக்கும் நமக்குத் தெரிந்த சமையலறைதான். அதன்பின் இன்வர்ட் சர்க்கரைப் பாகு, 322, 471, 503 என்று எண்கள், செயற்கை மணமூட்டி. எந்த மளிகைக்கடையில் போய் நூறு கிராம் 471 கேட்பீர்கள்?

471 விஷம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள் அது, அனுமதிக்கப்பட்டதுதான். நான் சொல்வது வேறு. இந்தப் பொருட்களெல்லாம் சேர்ந்து, மாதக்கணக்கில் கெடாத, மென்று சிரமப்பட வேண்டாத, ஒன்று தின்றால் அடுத்ததற்குக் கை நீளுகிற ஒன்றை உருவாக்குகின்றன. உங்கள் பாட்டியின் நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பு அதிகம்தான். ஆனால் யாராவது அதைச் சோறு மாதிரி உருட்டிச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு துண்டு தொட்டுக்கொண்டதும் நாக்கே போதும் என்று சொல்லிவிடும்.

இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்தவர் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ. அவர் ஒரு புதிரிலிருந்து தொடங்கினார். பிரேசில் குடும்பங்கள் கடையில் வாங்கும் சர்க்கரையும் எண்ணெயும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. உடல் பருமனோ கூடிக்கொண்டே போனது. சர்க்கரை டப்பா காலியாகாமலே இருக்கும் வீட்டில் சர்க்கரை நோய் எப்படி வருகிறது? சர்க்கரையும் எண்ணெயும் வேறு வாசல் வழியாக, பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டு வந்திருந்தன. உணவில் இருக்கும் சத்தை மட்டும் எண்ணாமல், அது எப்படி, எதற்காகத் தயாரிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2009-இல் அவர் எழுதினார். உணவைப் பதப்படுத்தும் விதத்தை வைத்து அவர் குழு உருவாக்கிய நோவா என்ற வகைப்பாட்டில் கடைசிப் பிரிவுதான் அதிபதப்படுத்திய உணவு. அந்த க்ரீம் பிஸ்கட் போன்றவை அதில் வரும். அந்தப் பிரிவின் எல்லைக்கோடுகளைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. பாக்கெட்டில் வரும் முழுக்கோதுமை ரொட்டியும் கோலாவும் ஒரே கூடையில் விழுவதை ஊட்டச்சத்து அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. எனக்கும் அது உறுத்துகிறது.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் இதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். இருபது பேரை நான்கு வாரம் மருத்துவமனைக்குள்ளேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைக்கும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. பாக்கெட் உணவில் நார்ச்சத்து போதாமல், அதைத் தனியாக எலுமிச்சைப் பானத்தில் கரைத்துக் கொடுத்துத்தான் கணக்கைச் சரிக்கட்ட முடிந்தது. வேண்டிய அளவு சாப்பிடுங்கள், போதும் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே விதி. பாக்கெட் உணவு வாரங்களில் அதே ஆட்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சராசரியாக 900 கிராம் எடை கூடியது. சமைத்த உணவுக்கு மாறியதும் அதே 900 கிராம் குறைந்தது.

இரண்டு வாரத்துக்குள் அந்த இருபது பேருடைய மன உறுதியா மாறிவிட்டது? தட்டில் இருந்தது மட்டும்தான் மாறியது. உங்கள் பழமொழியில் எனக்குச் சண்டையே இல்லை. அளவு மிஞ்சுவதை உணரவிடாதபடி ஒரு பொருளைச் செய்து விற்பவனிடம் அந்தப் பழமொழி செல்லாது, அவ்வளவுதான். சோதனை சிறியது, குறுகியது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் தரவுகளைப் பார்த்தது. இதய நோய் மரணம், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், மனப்பதற்றம் உள்ளிட்ட 32 உடல்நலக் கேடுகளுக்கும் இந்த உணவுகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடர்பு என்பதால் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. ஹாலின் சோதனையோடு சேர்த்துப் படித்தால் என்னால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உட்கார வைத்த இடம். பிள்ளைகள் ஓடி விளையாடுவதில்லை, அதுதான் காரணம் என்கிறீர்கள். இந்த வாக்கியம் உங்கள் வாய்க்கு எங்கிருந்து வந்தது தெரியுமா?

2015 ஆகஸ்ட்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ‘உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு’ என்ற பெயரில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் ஓர் அமைப்பு நடத்திவந்தார்கள். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையே எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், உடற்பயிற்சிதான் கவனிக்கப்படவில்லை என்பது அவர்கள் பேச்சின் சாரம். அந்த அமைப்பைத் தொடங்கப் பதினைந்து லட்சம் டாலர் கொடுத்தது கோகோ கோலா. செய்தி வெளியானதும், அந்தப் பேராசிரியர்களில் ஒருவர் பணியாற்றிய கொலராடோ பல்கலைக்கழகம் தனக்கு வந்த பத்து லட்சம் டாலரை அந்த நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பு மூடப்பட்டது. பேராசிரியர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. உடற்பயிற்சி நல்லது என்பது உண்மைதான். காசு கொடுத்து வாங்கியது பொய்யை அல்ல, பேச்சின் திசையை. கேள்வி தட்டிலிருந்து விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டால், பழி குளிர்பானப் பாட்டிலிலிருந்து பையனின் சோம்பலுக்குப் போய்விடும்.

இதற்கு முன்கதையும் உண்டு. கிறிஸ்டின் கியர்ன்ஸ் என்ற பல் மருத்துவர் பழைய ஆவணக் காப்பகங்களில் சர்க்கரைத் தொழில் அமைப்பின் கடிதங்களைத் தேடிப் படித்தார். பல் சொத்தையோடு தினமும் மல்லுக்கட்டுபவருக்குச் சர்க்கரை மீது சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. 2016-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது இது: 1965-இல் அமெரிக்கச் சர்க்கரை ஆய்வு அறக்கட்டளை ஹார்வர்டு பேராசிரியர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு மதிப்பாய்வு எழுதச் சொன்னது. 2016-ஆம் ஆண்டு மதிப்பில் அது ஏறத்தாழ 50,000 டாலர். ஒரு கார் விலை. கட்டுரை 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இதய நோய்க்குக் கொழுப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுச் சர்க்கரையை விடுவித்தது. யார் பணம் கொடுத்தார்கள் என்ற குறிப்பு கிடையாது. அன்று அப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஹெக்ஸ்டெட் பின்னாளில் அமெரிக்க வேளாண் துறையிலேயே ஊட்டச்சத்துப் பொறுப்பில் அமர்ந்தார்.

சிகரெட்டையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மார்ல்போரோ விற்ற பிலிப் மோரிஸ் 1985-இல் ஜெனரல் ஃபுட்ஸையும் 1988-இல் கிராஃப்டையும் வாங்கி, உலகின் மிகப்பெரிய உணவு நிறுவனங்களில் ஒன்றாக ஆனது. புகைப்பது அவரவர் விருப்பம், அவரவர் பொறுப்பு என்று பல ஆண்டுகள் பேசிப் பழகிய அதே கூடாரம்தான் பிறகு நம் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது.

அரசாங்கம் விற்க விடுமா என்று கேட்டீர்கள். விடும். இந்தப் பொருள் இன்ன அளவில் இருந்தால் உடனடி ஆபத்து இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதி தருவதுதான் நடைமுறை. எல்லாம் சேர்ந்து பத்து வருடத்தில் ஒரு சிறுவனின் கல்லீரலை என்ன செய்யும் என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

பாக்கெட்டின் முன்பக்கம் எச்சரிக்கை போட வேண்டுமா என்ற விவாதம் நம் நாட்டில் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு நிறத்தில் எச்சரிப்பது என்று 2018-இல் வரைவு வந்தது. உணவு நிறுவனங்கள் எதிர்த்தன. 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வேறு வரைவு வெளியிட்டது. இந்த முறை எச்சரிக்கை இல்லை, நட்சத்திரம். அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை, ஹோட்டலுக்குக் கொடுப்பது போல. சர்க்கரை, உப்பு, கொழுப்புக்கு மதிப்பெண் குறையும். கொஞ்சம் நார்ச்சத்து, கொஞ்சம் பருப்பு, சிறுதானியம் சேர்த்தால் கூடும். கணக்கில் தோற்றவனை ஓவிய மதிப்பெண்ணைக் கூட்டித் தேர்ச்சி பெறச் செய்வது மாதிரி. வரைவுக்கு ஏறத்தாழ 14,000 கருத்துகள் வந்தன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் நிபுணர் குழு பரிந்துரை தர வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு விஷயம் ஊறிக் கிடந்தது.

நம் பாக்கெட்டுகளில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறதே, அதைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அதைப் பார்த்துச் சைவம் என்று தெரிந்துகொள்கிறார். இது மூன்றரை நட்சத்திரச் சைவம் என்று யாராவது அச்சடித்தார்களா? தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் இந்த நாட்டுக்கு ஒரு புள்ளி போதுமானதாக இருந்திருக்கிறது.

சிலி நாட்டில் அப்படி நினைத்தார்கள். கிடோ ஜிரார்டி என்ற மருத்துவர் அங்கே செனட்டராகவும் இருந்தார். நிறுவனங்களின் எதிர்ப்பைத் தாண்டி, அவர் முன்னெடுத்த எச்சரிக்கைச் சட்டம் வரப் பல ஆண்டுகள் ஆயின. 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ வரம்பு மீறினால் பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோணம். மீறிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அப்படிக் குறி வாங்கியதைப் பள்ளியில் விற்கக் கூடாது, அதன் மீது கார்ட்டூன் படம் போடக் கூடாது. கெல்லாக்ஸ் காலை உணவு டப்பாவிலிருந்து அதன் புகழ்பெற்ற கார்ட்டூன் புலி காணாமல் போனது. குறி விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, சிலி அம்மாக்களிடம் பேசிய ஆய்வாளர்கள் கண்டது. பிள்ளைகளே கறுப்புக் குறி போட்டதை வாங்க வேண்டாம் என்று அம்மாக்களிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கு அதைக் கொண்டுபோக முடியாது அல்லவா.

நாமோ நோயாளியைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறோம். நானும் எத்தனையோ கட்டிலருகே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் இல்லை என்பது 2024-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தலைப்பின் கீழ் இப்பானங்களை விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு வர்த்தக அமைச்சகம் சொன்னது அப்போதுதான். அதுவரை அந்தச் சொல்லுக்கு நாம் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகனின் உணவைப் பற்றி நான் சொல்லக் கூடாது. அது மருத்துவரின் வேலை. அவன் ஓடி விளையாடட்டும், நல்லதுதான். உங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றி மட்டும் ஒன்று. பிஸ்கட் வாங்கியது யார் என்ற கேள்வியை உங்கள் மனைவியிடம் இனிக் கேட்காதீர்கள். காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மலிவாக, எல்லாப் பெட்டிக்கடையிலும், பிள்ளையின் கண் மட்டத்தில் தொங்கும் பொருளை அவர் வாங்கினார். நீங்களும் வாங்கியிருப்பீர்கள். அங்கே அதைத் தொங்கவிடச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் யோக்கியனா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இரவில் எழுதும்போது டீயில் முக்கிச் சாப்பிட பிஸ்கட் வைத்திருந்தேன். நான்கு என்று எண்ணி வைப்பேன். அரைப் பக்கம் முடிவதற்குள் உறையே காலியாகிவிடும். இப்போது வாங்குவதில்லை. அந்த இடத்தில் சாத்தூர்ச் சேவு இருக்கிறது. அதுவும் எண்ணெயில் பொரித்ததுதான், மருத்துவர் பாராட்டமாட்டார். ஆனால் ஒரு கை அள்ளியதும் காரம் ஏறித் தண்ணீர் தேட வைத்துவிடுகிறது.

கடலைமிட்டாயை அனுப்புங்கள். இரண்டு பாக்கெட் போதும். முகவரியைத் தனியாக எழுதுகிறேன்.