சமூகவியல் கேள்வி பதில்: சீதனம் யாருடைய முடிவு?

கோண்டாவில் உயர்தர மாணவி: சமூகவியல் மனிதரை எப்படிப் பார்க்கிறது?

தங்கச்சி, நாமே எடுத்ததாக நினைக்கும் முடிவுகளில் சமூகத்தின் பங்கு எவ்வளவு என்று தேடுகிறது. பிரான்சில் எமில் டுர்க்கைம் என்ற சமூகவியலாளர் 1897இல் தற்கொலை பற்றிய ஆய்வை வெளியிட்டார். மனமுடைந்தவர்கள் எங்கும் உண்டு. ஆனால் புரட்டஸ்தாந்தரிடையே விகிதம் கூடுதலாகவும் கத்தோலிக்கரிடையே குறைவாகவும் இருந்தது ஏன்? குழுவின் பிணைப்பில் அவர் விடை தேடினார். கவனம்: இது விகிதத்தைப் பற்றிய பேச்சு. இதை வைத்துத் தனி ஒருவரை அளக்காதீர்கள்.

சாவகச்சேரி வாசகர்: சமூக சேவையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது உதவுவது, இது ஆராய்வது.

ஒரு தாய்: என் மகன் யாரோடும் பேசுவதில்லை.

அம்மா, இதற்கு என் துறை உதவாது. மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மானிப்பாய் வாசகர்: சீதனம் பெற்றோர் விரும்பிக் கொடுப்பது. இதில் சமூகம் எங்கே வந்தது?

ஐயா, சீதன உறுதி ஒன்றை எடுத்து வாசியுங்கள். காணி எத்தனை பரப்பு, கிணற்றில் என்ன பங்கு, வழிவாய்க்கால் உரிமை எது என்று வரிவரியாக இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளை ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையில் சீதனம் மகளின் சொத்து. அதைப் பெற்றவள், சகோதரர் இருக்க, பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்க முடியாது. டொனேஷன் வேறு, அது மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குப் போகும் காசு. பல வீடுகளில் அந்தக் காசுதான் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகிறது. அவன் வேண்டாம் என்றால் தங்கையின் கலியாணம் தள்ளிப்போகும். விருப்பம் என்கிறீர்கள், நெருக்கடி தெரியவில்லையா?

உரும்பிராய் வாசகர்: நாங்கள் ஒரு சதமும் வாங்கவில்லையே!

மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விகிதத்தை வைத்துத் தனி ஒருவரை அளக்காதீர்கள் என்று மேலே சொன்னேன். அதேபோல் ஒரு வீட்டைக் காட்டி ஊரையும் அளக்காதீர்கள்.

மானிப்பாய் வாசகர் மீண்டும்: அப்படியானால் வாங்குகிறவர்கள் குற்றவாளிகள் இல்லையா?

பொறுப்பு அவர்களுக்கு உண்டு. ஆனால் அவர்களைத் திட்டுவதால் மட்டும் இது நிற்காது. தங்கையின் கலியாணம் அண்ணன் வாங்கும் காசில் தங்கியிருக்கும் வரை, நல்லவனும் கை நீட்டுவான். அந்தச் சங்கிலியை அறுப்பது பற்றிப் பேசுவோம். பெண்பிள்ளைகளின் படிப்பு, வேலை, சொந்த வருமானம், எல்லாம் அதில் வரும்.

பருத்தித்துறை வாசகர்: சமூகவியல் சமூக சேவைதானே?

சாவகச்சேரிக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

இன்னொரு மாணவர்: டுர்க்கைம் பற்றிச் சோதனைக்குக் குறிப்புத் தருவீர்களா?

தரமாட்டேன். உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள் தம்பி. சீதனம் பற்றிக் கேட்க இருப்பவர்கள் தொடருங்கள்.