வன்னியின் காட்டையும் குளத்தையும் கீற: கேள்வி பதில்

வன்னியில் பிள்ளைகளோடு சேர்ந்து மதில்களில் இயற்கைப் படங்கள் கீறிவரும் சித்திர ஆசிரியையிடம் கேட்டவை.

ரீச்சர், சுற்றாடல் தினத்துக்குக் கீறச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் அழுகிற பூமிப்பந்தைத்தான் கீறுகிறார்கள். என்ன செய்யலாம்? (ஆசிரியர், கிளிநொச்சி)

தலைப்பை மாற்றுங்கள் சேர். ‘இயற்கையைக் காப்போம்’ என்று கொடுத்தால் எங்கோ பார்த்த போஸ்டர்தான் திரும்பி வரும். யூன் 5 பாலைப்பழக் காலத்தில் வருகிறது. பழத்துக்காகக் கிளையையே தறித்து விழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பழத்தைத் தேடிக் கரடியும் வரும். தறித்த கிளை, பழம் பொறுக்கும் பிள்ளை, தள்ளி நிற்கிற கரடி. இதைக் கீறச் சொல்லுங்கள். அந்தப் படம் வீட்டுக்குப் போனால் பேச்சு நடக்கும்.

எங்கட வயலை யானை மிதிக்குது. ‘யானையைக் காப்போம்’ என்று சந்தியில் படம் கீறினால் எரிச்சல்தான் வரும், பிள்ளை. (விவசாயி, ஒட்டுசுட்டான்)

அந்த எரிச்சல் நியாயமானது ஐயா. கதிர் முற்றிய வயலில் இரவிரவாகக் காவல் இருக்கிறவருக்கு முன்னால் சிரிக்கிற யானைக்குட்டியைக் கீறி வைப்பது அவரை அவமதிப்பது போல. நான் முதலில் கமக்காரர்களிடம் கேட்பேன். படத்தில் காவல் கொட்டில் இருக்க வேண்டும், ரோச் லைட்டோடு விழித்திருக்கிற மனிதர் இருக்க வேண்டும். மின்வேலியில் கொடி படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும், வேலி பலன் தராது. அந்தக் கொடியை ஊரே சேர்ந்து வெட்டுவதைக் கீறலாம். பன்றிக்கு வைக்கிற வெடியைக் கடித்து வாய் கிழிந்த யானைக்குட்டி பசியில் சாவதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரத்தத்தைக் காட்டாதீர்கள், சின்னப் பிள்ளைகள் நடக்கிற சந்தி. இன்னொன்று: எல்லா யானைக்கும் கொம்பு வைக்காதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளில்கூடப் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் கொம்பன். பிழையாகக் கீறினால் காட்டோரத்தில் வாழ்கிறவர் அடுத்த வரியை வாசிக்கவே மாட்டார்.

பூநாரை கீறினால் கொக்கு மாதிரியே வருகிறது, அக்கா. (மாணவி, மன்னார்)

சொண்டைக் கவனியுங்கள் தங்கச்சி. நடுவில் சட்டென்று கீழே வளையும், நுனி கறுப்பு. பின்னுக்கு மடிவது முழங்கால் இல்லை, கணுக்கால். வங்காலை உங்களுக்குக் கிட்டத்தான். 2010 இல் ராம்சார் ஈரநிலமான, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இடம். பறவைகள் வந்திருக்கும் மாசியில் போய்ப் பார்த்துக் கீறுங்கள். தின்கிற இறாலிலும் பாசியிலும் இருந்துதான் அந்த இளஞ்சிவப்பு வருகிறது. அதனால் சேற்றையும் தண்ணீரையும் விட்டுவிட்டுப் பறவையை மட்டும் கீறாதீர்கள்.

மதிலில் கீறினது மாரியோடு உரிந்துவிட்டது. (இளைஞர் கழகம், முல்லைத்தீவு)

புதுச் சீமெந்துப் பூச்சு ஒரு மாதமாவது காயவேண்டும். அப்புறம் பிறைமர், அதற்குமேல் வெளிச்சுவர் இமல்ஷன். ஈரம் ஏறுகிற அடிப்பகுதியைச் சும்மா விடுங்கள். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். பிரஷ் கழுவின தண்ணீரைக் குளத்தில் ஊற்ற வேண்டாம்.

குளத்துத் துருசுச் (தண்ணீர் திறந்துவிடும் மதகு) சுவரில் கீறலாமா?

நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் அனுமதி எடுங்கள். பாறையிலும் மரத்திலும் யார் அனுமதி தந்தாலும் பெயின்ற் பூசாதீர்கள்.